பனி மலைக்கு நாலு ரயர்

மகனே,

இங்கே அப்பாவும் நானும் சுகம். இந்த ஒரு வரியை எழுதிவிட்டுக் கனநாளாகப் பேனையை மூடி வைத்திருந்தேன். தபால் பிந்தியது, பள்ளிக்கூடத்தில் சோதனைத் தாள் திருத்தினேன் என்று உனக்கு ஏதாவது சொல்லலாம். ஆனால் உன் கடிதம் நேரத்துக்கே வந்தது. அதற்கு ஒரு பதிலும் அன்றைக்கே எழுதிவிட்டேன். அந்தப் பதில் உனக்கு நல்லாய்ப் பிடித்திருக்கும். அதை அனுப்பாமல் அலுமாரிக்குள் வைத்து, பிறகு கிழித்துப்போட்டேன். இப்போது அங்கே நோர்வே மலை உச்சியில் வெள்ளை விழத் தொடங்கியிருக்கும். இன்னும் பிந்தினால் நீ உன்பாட்டுக்கு ஒன்றைச் செய்துவிடுவாய் என்ற பயத்தில் இன்றைக்கு உட்கார்ந்து எழுதி முடிக்கிறேன்.

நீ எழுதியதை நான் விளங்கிக்கொண்டது இப்படித்தான், பிழையென்றால் திருத்து. லைசென்ஸ் எடுத்துவிட்டாய். மாமி வீடு கடற்கரையில், நீ படிக்கிற இடம் மலைக்கு அந்தப் பக்கம். குளிர்காலத்தில் பஸ் நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் நிற்கும். ஆகவே கார் ஒன்று வேண்டும். விலைக்கு இரண்டு இருக்கிறது. ஒன்று சிவப்பு, நீளம், நிலத்தோடு பதிந்து போகிறது. உன் கூட்டாளியினுடையது. அதற்கு எஞ்சின் முன்னுக்கு, இழுவை பின்சில்லில். மற்றது சாம்பல் நிறம், பாண்பெட்டி மாதிரிச் சின்னன், யாரோ ஒரு கிழவர் வைத்து ஓடியது. அதற்கு எஞ்சினும் முன்னுக்கு, இழுவையும் முன்னுக்கு. உனக்குச் சிவப்பில்தான் கண். மாமியோ சாம்பலைத்தான் வாங்கவேணும், அதுக்கும் ஆணி வைத்த பனிரயர் நாலு போடாமல் வீட்டு வாசல் தாண்ட விடமாட்டன் என்கிறா. நீ ஒருபடி இறங்கி, சரி, சாம்பலையே வாங்குகிறேன், இழுக்கிறது முன்சில்லுத்தானே, முன்னுக்கு மட்டும் பனிரயர் போடுகிறேன், பின்னுக்குக் கோடைரயர் கிடக்கட்டும், மிச்சக் காசுக்குப் பாட்டுக் கேட்க ஒரு கசற் செற் பூட்டுவம் என்றிருக்கிறாய். மாமி மசியவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கு என் ஞாபகம் வந்தது. “அம்மா, கார் ஓடத் தெரியாத மாமிக்கு இதிலை என்ன தெரியும்? நீங்கள் சயன்ஸ் ரீச்சர். முன்னுக்கு ரெண்டு போட்டால் காணும் எண்டு நீங்கள் ஒரு வரி எழுதினால் அவ பேசாமல் விடுவா. நீங்கள்தானே என்ரை அம்மா” என்று எழுதினாய்.

மகனே, அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதை மடித்து மடித்து அந்த இடத்தில் தாளே நைந்துபோனது. நீ போன நாளிலிருந்து உன் கடிதங்களில் நான் வாசித்ததெல்லாம் ‘மாமி சொல்லுறா’தான். காலுறை இரண்டு சோடி போடவேணுமாம், மாமி சொல்லுறா. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றக்கூடாதாம், மாமி சொல்லுறா. ஐஸில் நடக்கும்போது தாராக்குஞ்சு மாதிரிப் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி நடக்கவேணுமாம், அதுவும் மாமி சொல்லுறா. அப்பாவுக்குத் தங்கச்சியாய்க் கரம்பொன்னில் பிறந்து வெறுங்காலோடு திரிந்த மனிசி இப்போது பனியில் நடக்க வகுப்பு எடுக்கிறா. உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு, எல்லாம் நீயே யோசித்து எழுதின மாதிரி வாசிப்பேன். அப்பா கதிரையில் சாய்ந்துகொண்டு, “இவனுக்கு இவ்வளவு புத்தி எப்ப வந்தது?” என்று கேட்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. அவருக்குத் தெரியும்.

போன குளிர்காலம் நீ அனுப்பிய படத்தில், மாமாவின் கார்க் கண்ணாடியில் இருந்து பனியை வழித்துக்கொண்டு நீ நிற்கிறாய், பக்கத்தில் மாமி. அவவைப் பெருவிரலால் மறைத்து உன்னை மட்டும் பார்க்க நினைத்தேன். ஏலவில்லை. அவவின் கை உன் தோளில் கிடக்கிறது. அவவை மறைத்தால் உன் தோளும் போய்விடும். கடைசியில் படத்தை அப்படியே அலுமாரிக் கண்ணாடியில் செருகினேன். செருகும்போது அவவின் பக்கம் சட்டத்துக்குள் கொஞ்சம் கூடப் போய்விட்டது. தானாகப் போனதென்றுதான் அப்பாவிடம் சொன்னேன்.

ஆகவே, முதல்முதலாக நீ அவவுக்கு எதிராக என்னைக் கூப்பிட்டபோது எனக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். ‘மச்சாள், பிள்ளை விரும்புகிறபடி விடுங்கோ, முன்னுக்கு ரெண்டு ரயர் தாராளமாய்க் காணும்’ என்று அவவுக்கும், ‘அம்மா சொல்லிவிட்டேன், நீ வாங்கு’ என்று உனக்கும் எழுதினேன். எழுதும்போது என் கையெழுத்து எவ்வளவு வடிவாக வந்தது தெரியுமா. ஒட்டுவதற்கு முன், சயன்ஸ் ரீச்சர் என்று நீ போட்ட அந்தச் சொல்லுத்தான் குறுக்கே நின்றது. எட்டாம் வகுப்புக்கு உராய்வு படிப்பிக்கிறவள், ஒரு தரமும் பனியைக் கண்ணால் காணாமல், ரெண்டு காணும் என்று எந்தத் துணிவில் எழுதுகிறேன் என்று ஒரு யோசனை. அதோடு, அதைப் பரீட்சித்துப் பார்த்து நான் சொன்னதுதான் சரி என்று நிறுவிவிட்டால் மாமியின் வாயை ஒரேயடியாக மூடலாம் என்ற ஆசையும் இருந்தது. அதை ஏன் ஒளிக்கவேணும்.

சந்திச் சைக்கிள் கடையில் பழைய ரயர்த் துண்டு கேட்டேன். எதற்கு என்றார்கள். நோர்வேயில் மகன் ஓடப்போகிற காருக்கு ரயரிலேயே ஆணி வைத்திருக்கிறார்களாம், அதைப் பரீட்சித்துப் பார்க்க என்றேன். கடைக்காரர் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார். “இஞ்சை ஆணி ஏறினால் சனம் அழுதுகொண்டு வருது ரீச்சர். அங்கை காசு குடுத்து ஏத்துகினமோ? எனக்கும் ஒரு விசா எடுத்துத் தாங்கோ.” ரயரைச் சும்மா தந்தார். மீன் வாடியில் மரத்தூளுக்குள் மூடி வைத்திருந்த ஐஸில் ஒரு நீளக் கட்டியைக் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து குசினி நிலத்தில் வைத்தேன். ஒரு சின்னப் பலகைக்குக் கீழே நாலு மூலையிலும் ரயர்த் துண்டு அடித்தேன். முன் மூலை இரண்டிலும் சின்ன ஆணியின் முனை வெளியே தெரிய விட்டேன். பின் மூலை இரண்டும் வழுவழுத்த துண்டு. உன் சாம்பல் கார் அவ்வளவுதான், கசற் செற்றைத் தவிர.

அப்பா குசினி வாசலில் வந்து நின்றார். “இஞ்சாரும், மீனை வெளியிலை வைச்சிட்டு ஐஸை என்ன செய்யிறீர்?”

“உங்கடை மகனுக்குக் கார் வாங்கிறன்.”

“ஓ, இதுதானோ. சில்லைக் காணேல்லை.”

“பேசாமல் நில்லுங்கோ.”

பலகையைத் தள்ளினேன். நேரே போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு, வளைவு என்று ஒன்று இருக்குமே, அதையும் பார்ப்போம் என்று கொஞ்சம் சரித்துத் தள்ளினேன். முன்பக்கம் ஆணி கடித்துக்கொண்டு நிற்க, பின்பக்கம் மாட்டு வால் மாதிரி ஒரு சுழற்று. பலகை முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்பி ஐஸ் கட்டியின் விளிம்பில் பாதி வெளியே தொங்கியது. திரும்பவும் செய்தேன், திரும்பவும் அதே. அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கீழே குந்தி, தொங்கிய பலகையின் பின்பக்கத்தை ஒரு விரலால் தொட்டார்.

“இஞ்சாரும், தாம்போதியிலை நடந்தது இதுதான்” என்றார்.

உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். ஆனால் நீ பின்னுக்கு இருந்தாய், நான் முன்னுக்கு இருந்தேன், ஆகவே இரண்டு பேரும் கண்டது வேறு. கொழும்பில் கலவரம் நடந்த அந்த வருஷக் கடைசி. மாமாவிடம் போக மாமிக்கு விசா வந்து, பயணத்துக்கு முன் நயினை அம்மாளைக் கும்பிட்டுவிட்டு வரவேணுமென்று, வள்ளம் எடுக்கக் குறிகட்டுவானுக்குப் புறப்பட்டோம். அப்பாவின் கறுப்புக் கார். வாடைக்காற்று, விடாத மழை. கடலுக்குக் குறுக்கே புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதியில் அலை ரோட்டுக்கு மேலால் ஏறி, சாதாளையை அள்ளிப் போட்டிருந்தது. அந்தக் கடற்பாசி ஊறிக் கிடந்தால் காலை வைக்கேலாது, வெண்டிக்காய்ப் பசை மாதிரி. மாமி பின்னுக்கு இருந்து, “அண்ணை, நீ கார் ஓடுறியோ, வத்தை ஓடுறியோ? பயணத்தை நான் கொழும்பிலை இருந்து தொடங்கிறன், இஞ்சையே கடலிலை இறக்கிப் போடாதை” என்று பகிடி விட்டுக்கொண்டு வந்தா. நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். எதிரே மாட்டுவண்டி ஒன்று வர அப்பா ஸ்ரியரிங்கைக் கொஞ்சம் வெட்டினார். அவ்வளவுதான். காரின் முன்பக்கம் சொன்னது கேட்டது, பின்பக்கம் தன்பாட்டுக்குப் போனது. முன்னுக்கு இருந்த எனக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றிய மாதிரி இருந்தது. நின்ற பிறகு பார்த்தால், கார் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, பின்சில்லு ஒன்று கல்லுக்கட்டுக்கு வெளியே கடலுக்கு மேலே நிற்கிறது. மாமி மடியில் வைத்திருந்த தேங்காய் கதவு திறந்ததில் உருண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மாமி உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டே, “அம்மாளுக்கு அவசரம், இஞ்சையே வந்து வாங்கிக்கொண்டு போட்டா” என்றா.

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கார் சுழன்றபோது நீ கத்தியது எனக்குக் கேட்டது. ‘அம்மா’ என்று நீ கத்தவில்லை. ‘மாமி’ என்றுதான் கத்தினாய். பதினாலு வயதுப் பொடியன், அம்மா முன்சீற்றில் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறேன்.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் விடாததுமாகக் கலியாணம் கட்டி உன்னைப் பெற்றவள். நீ தவழத் தொடங்கினபோது ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன், அங்கேயே தங்கிப் படிப்பு. உன்னைக் குளிப்பாட்டி, ஊட்டி, பக்கத்தில் படுக்கவைத்தது மாமிதான். லீவில் வந்து தூக்கினால் நீ அவவைத் திரும்பிப் பார்ப்பாய். பிறகு அவ போன கையோடு இங்கே ஆமி பொடியளைப் பிடிக்கிற காலம் வந்தது. உன்னை அனுப்பவேணும் என்று அப்பாவுக்கு முன்னமே சொன்னது நான். அனுப்ப ஒரேயொரு இடம்தான் இருந்தது. “மச்சாள், நீர் யோசிக்காதையும், இவனை நான் பாப்பன்” என்று அவ எழுதினா. அவ அதை நல்ல மனதோடுதான் எழுதினா. அவவுக்குப் பிள்ளை இல்லை. அந்த வரியை வாசித்துவிட்டு நான் அழுதது நன்றியில் என்று அப்பா நினைத்தார். பாதி அதுதான்.

திரும்பவும் குசினிக்கு வருகிறேன், ஐஸ் கரைந்து நிலமெல்லாம் தண்ணீர். “அண்டைக்கு ரயர் எப்பிடிக் கிடந்தது?” என்று அப்பாவைக் கேட்டேன். “நல்லது ரெண்டும் முன்னுக்கு, தேய்ஞ்சது ரெண்டும் பின்னுக்கு. இஞ்சை எல்லாரும் அப்பிடித்தானே போடுறது. ஒழுங்கையளெல்லாம் மணல், மணலுக்கை ஸ்ரியரிங் பிடிக்கவேணுமெல்லோ” என்றார். எங்கள் தீவு மணலுக்கு அது சரிதான். புதைந்தால் தள்ள நாலு பேர் வருவார்கள். வழுக்குகிற இடத்துக்கு அது சரிவராது. முன்னுக்குப் பிடி இருந்து பின்னுக்கு இல்லாவிட்டால், நீ வெட்டுகிறதையும் பிரேக் போடுகிறதையும் முன்பக்கம் கேட்கும், அதே நேரத்தில் பின்பக்கம் உன்னை முந்தப் பார்க்கும். மிஞ்சியிருந்த ஐஸில், பின் மூலைகளுக்கும் ஆணி அடித்துத் தள்ளிப் பார்த்தேன். சரித்துத் தள்ளினாலும் பலகை சுழலவில்லை. நேரே போய், நாங்கள் இருந்து சாப்பிடுகிற வாங்கின் காலில் முட்டி நின்றது. அப்பா, “சரி, தங்கச்சி வென்றிட்டா” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீரும்தான்” என்று சேர்த்தார். பிறகு குசினியைத் துடைத்ததும் அவர்தான்.

கார் ஓடத் தெரியாத மாமிக்கு என்ன தெரியும் என்று கேட்டாய். அவவுக்கு எஞ்சின் தெரியாது, கியர் தெரியாது. ஆனால் அன்றைக்குக் கடலுக்கு மேலே வெளியே போனது காரின் எந்தப் பக்கம்? நானும் அப்பாவும் இருந்த பக்கமல்ல. அவவும் நீயும் இருந்த பக்கம். நீ மறந்துவிட்டாய், பிள்ளைகள் மறப்பார்கள். அவ மறக்கவில்லை. பின்னுக்கும் நல்ல ரயர் போடு என்று அவ நிற்கிறது, அந்தக் கல்லுக்கட்டுக்கு வெளியே உன்னைப் பிடித்துக்கொண்டு இருந்தபடியால்தான் என்று நினைக்கிறேன். அந்த நேரம் உன்னைப் பிடித்திருந்தது அவவின் கை. அதைப் பார்த்து எரிந்துகொண்டிருந்த எனக்கு, உன்னை விழாமல் அவ பிடித்திருந்தா என்பது இப்போதுதான் படுகிறது. எரிச்சல் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது கிடக்கிறது. ஆனால் அதற்காக உன்னை அரைகுறை ரயரில் மலைக்கு அனுப்பமாட்டேன்.

ஆகவே அம்மா சொல்கிறேன் என்று எடுத்துக்கொள். சிவப்புக் காரை மற. நீளமான கார், வால் பாரமில்லை, தள்ளுகிறதும் வால்தான். ஏற்றத்தில் பிடி கிடைக்காமல் ஆடும், டிக்கிக்குள் மணல் மூட்டை ஏற்றித்தான் நிறுத்தவேணும் என்று நீயே எழுதியிருக்கிறாய். மூட்டை ஏற்றி ஓட ஏன் காசு கொடுத்து வாங்கவேணும். சாம்பல் காருக்கு எஞ்சின் பாரம் இழுக்கிற சில்லுக்கு மேலேயே இருக்கிறது, அது நல்ல உராய்வு. வடிவில்லைத்தான். வடிவான காரை வேலைக்குப் போன பிறகு கோடையில் ஓடலாம். ரயர் நாலும் ஒரே இனம், ஒரே ஆணி, ஒரே அளவு தேய்வு. கிழவர் சும்மா தருகிறார் என்று பழசு இரண்டு புதுசு இரண்டு கலக்காதே. கோடைரயரின் ரப்பர் குளிரில் விறைத்து மரம் மாதிரிப் போகும், பனிரயரின் ரப்பர் விறைக்காமல் மெதுவாய் இருக்கும் என்று புத்தகத்தில் பார்த்தேன். பனி விழும்வரை பார்த்துக்கொண்டிராமல் குளிர் வந்த உடனேயே மாற்று. கசற் செற் வேண்டாம். பாட்டுக் கேட்டால் நீ ஸ்ரியரிங்கில் தாளம் போடுவாய், எனக்குத் தெரியாதா.

மலை அடிவாரத்தில் தடியைக் குறுக்கே போட்டு மறிப்பார்கள், பனி வழிக்கிற வண்டி முன்னுக்குப் போக, மற்ற வாகனமெல்லாம் அதன் பின்னால் வரிசையாகப் போகும் என்று எழுதியிருந்தாய். அந்த வண்டிக்காரரில்கூட எனக்குப் பொறாமை, உனக்கு முன்னால் வழி துப்புரவாக்கிக்கொண்டு போகக் கொடுத்துவைத்தவர். மறித்தால் நில். குறிகட்டுவானில் காற்று அடித்தால் வள்ளம் விடமாட்டார்கள், எப்பேர்ப்பட்ட ஆளும் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டியதுதான். அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. நீயும் குந்தியிரு. வகுப்புக்குப் பிந்தினால் ரீச்சரிடம் நான் கதைக்கிறேன் என்று சொல்லலாம், அங்கே வந்து கதைக்கத்தான் ஏலாது.

இந்தக் கடிதத்தை மாமிக்குக் காட்டாதே. ரயரைப் பற்றிய பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டு. வாசிக்கும்போது ‘அம்மா சொல்லுறா’ என்று சேர்த்து வாசி, அதை விட்டுவிடாதே. ரயர் பூட்டிய அன்றைக்கே எனக்கு எழுது. அவ பக்கத்தில்தான் நிற்பா, கண்ணால் காண்பா, அதற்கு ஒன்றும் செய்யேலாது. தபால் பிந்தினால், உன் கடிதம் இங்கே வரும்போது அங்கே பனி கரைந்து, நீ அந்த நாலையும் கழற்றி அடுக்கியும் வைத்திருப்பாய். பரவாயில்லை, எனக்கு அன்றைக்குத்தான் பூட்டுப்படும்.

முதல் தரம் மலை ஏறும்போது மாமியை ஏற்றிக்கொண்டு போ. பின்னுக்கு இருத்தாதே, அவ அங்கே போதுமான அளவு இருந்துவிட்டா. முன்னுக்கு, உன் பக்கத்தில் இருத்து. பெல்ட்டை நீயே பூட்டிவிடு. அது அம்மாவின் இடம், அம்மா வரும்வரைக்கும் நீங்கள் இருங்கோ என்று சொல்லு. அவ கோபிக்கமாட்டா.

அம்மா